எந்தக் கார் அந்தக் கார்?

1990ஆம் ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு கார் வழக்கு தீர்ப்புக்கு வந்தது. விபத்து வழக்கல்ல, திருட்டு வழக்குமல்ல. ஒருவர் தன்னிடமிருந்த பழைய பென்ட்லி காரை 1 கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டிருந்தார். வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம் பின்வாங்கிவிட்டது. தாங்கள் விலை பேசிய கார் இதுவல்ல என்பது அவர்கள் வாதம். அதே கார்தான் என்பது விற்றவரின் வாதம். யார் சொல்வது சரி என்று நீதிபதி ஆட்டன் முடிவு செய்ய வேண்டும்.

அந்தக் காரை ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்பார்கள். பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். முதல் ஆண்டு உல்ஃப் பர்னாட்டோவும் டிம் பிர்கினும் ஓட்டினார்கள். மறு ஆண்டு பர்னாட்டோவோடு கிளென் கிட்ஸ்டன். வென்ற பிறகு அது காட்சிப் பொருளாக ஓய்ந்து நிற்கவில்லை. புரூக்லண்ட்ஸ் ஓடுபாதைக்காக அதில் 8 லிட்டர் எஞ்சின் ஏறியது, சேஸிஸும் மாறியது. 1932இல் அந்த ஓடுபாதையின் சரிவான விளிம்பைத் தாண்டிப் பறந்து விழுந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். சிதைந்த காரை பர்னாட்டோ மறுபடியும் கட்டவைத்தார், இம்முறை கூரை மூடிய கூபேயாக. பிறகு பல கைகள் மாறியது. நீதிமன்றத்துக்கு வந்தபோது, 1929இல் லெ மானில் ஓடிய பாகம் என்று உறுதியாகத் தொட்டுக் காட்ட அதில் ஏறத்தாழ எதுவுமே இல்லை.

அப்படியானால் லெ மானில் வென்ற கார் எங்கே போனது?

இந்தக் கேள்விக்குக் காரைவிட வயது மிக அதிகம். வீரன் தீசியஸ் பயணம் செய்த கப்பலை ஏதென்ஸ் மக்கள் பல தலைமுறைகள் பாதுகாத்தார்கள், உளுத்த பலகையைக் கழற்றிப் புதுப் பலகையைப் பொருத்திக்கொண்டே வந்தார்கள், கடைசியில் அது அதே கப்பல்தானா என்பதில் அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள் என்று புளூட்டார்க் எழுதிவைத்தார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் சிக்கலை இன்னும் இறுக்கினார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது தீசியஸின் கப்பல் என்று கேட்டார்.

இந்தியாவில் இந்த விவாதம் கப்பலை வைத்து நடக்கவில்லை, தேரை வைத்து நடந்தது. கிரேக்க வழிவந்த அரசன் மிலிந்தனுக்கும் பௌத்தத் துறவி நாகசேனருக்கும் நடந்த உரையாடலைச் சொல்லும் பாலி நூல் மிலிந்த பன்ஹா. அரசே, எதில் வந்தீர்கள் என்கிறார் துறவி. தேரில் என்கிறான் அரசன். அச்சு தேரா? இல்லை. சக்கரமா? இல்லை. நுகத்தடியா? இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் குவித்தால் அதுவா தேர்? அதுவும் இல்லை. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுத் தேர் என்று தனியாக ஒன்று நிற்கிறதா? அதுவும் இல்லை. அப்படியானால் எதில் ஏறி வந்தீர்கள் என்று மடக்குகிறார் நாகசேனர்.

நூற்றாண்டு கடந்த கார்களைத் தேடிப் பிடித்து, அடையாளம் கண்டு, மீண்டும் ஓடவைக்கும் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு மிலிந்தனின் தடுமாற்றம் அன்றாடப் பிரச்சினை. அச்சை மாற்றலாமா, சக்கரத்தின் மர ஆரக்கால்களைப் புதிதாகக் கடையலாமா, துரு தின்ற மட்கார்டை ஒட்டுப்போடுவதா, வெட்டி எறிவதா? இந்தக் கேள்விகளுக்கு ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே விடை வேண்டும். எந்த விடையைச் சொன்னாலும் அதற்குள் ஒரு தத்துவ நிலைப்பாடு இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது நல்லது.

முதல் விடை, இரும்பும் மரமும்தான் கார் என்பது. எந்த உலோகத்தால் ஆனதோ அந்த உலோகம் இருக்கும் வரை அது அதே கார். இந்தக் கட்சியை இந்தியாவில் மிகக் கறாராகப் பிடித்தவர்கள் வைசேடிகத் தத்துவப் பள்ளியினர். துணியிலிருந்து ஓர் இழையை உருவிவிட்டால் பழைய துணி அழிந்தது, அங்கே இருப்பது புதிய துணி என்பது அவர்கள் தருக்கம். இதைக் காருக்குப் பொருத்தினால் முதல் பஞ்சரோடு கார் அழிந்துவிடும்.

உண்மையில் மோட்டார் காரின் முதல் நெடும்பயணமே இந்த விடையைத் தகர்த்துவிட்டது. கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று தன் மூன்று சக்கர வாகனத்துக்குக் காப்புரிமை கோரினார். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த மின்கம்பிக்குத் தன் காலுறைப் பட்டையைச் சுற்றினார். வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்துத் தோல் அடிக்கச் சொன்னார். மன்ஹைமிலிருந்து கிளம்பிய கார் அப்படியே ஃபோர்ட்ஸ்ஹைம் போய்ச் சேரவில்லை. பழுதும் மாற்றமும் கார் பிறந்த நாள் முதல் கூடவே இருக்கின்றன.

இரண்டாவது விடை எண். தகட்டில் பொறித்த எண்ணே கார், மற்றதெல்லாம் உதிரி. பதிவு அலுவலகங்கள் விரும்பும் விடை இது. ஆனால் எந்த எண்?

ஃபோர்டு டி மாடலை எடுத்துக்கொள்ளலாம். 1908 முதல் 1927 வரை 1.5 கோடி கார்களுக்கு மேல் விற்ற மாடல் என்பதால் பழைய கார் ஆர்வலர்கள் பலரும் முதலில் கைவைப்பது இதில்தான். அதன் எண் எஞ்சின் பிளாக்கின் இடப் பக்கத்தில், தண்ணீர் உள்ளே போகும் வாய்க்கு மேலே பொறிக்கப்பட்டிருக்கும். சேஸிஸில் பெரும்பாலான ஆண்டுகளில் எண்ணே கிடையாது. 1920களில் ஒரு விவசாயியின் காரில் பிளாக் வெடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் பக்கத்து ஊரில் கிடந்த இன்னொரு டி மாடலின் எஞ்சினை இறக்கி மாட்டியிருப்பார். எஞ்சின் ஒரு வருடம் சொல்லும், உடல் இன்னொரு வருடம் சொல்லும். அங்கேதான் அடையாளம் காணும் கலை தொடங்குகிறது. ரேடியேட்டர் பித்தளையாக இருந்தால் 1916 மாடலோ அதற்கு முந்தையதோ. 1917 மாடலிலிருந்து கறுப்பு உறை வந்துவிட்டது. எஞ்சினில் தண்ணீர் பம்பு இருந்தால் அது முதல் 2,500 கார்களில் ஒன்று. அதற்குப் பிறகு ஃபோர்டு பம்பை எடுத்துவிட்டு, சூடான தண்ணீர் தானே மேலேறிச் சுழலும் முறைக்கு மாறியது. உடலில் பழைய பச்சையோ சிவப்போ தென்பட்டால் 1914க்கு முந்தையதாக இருக்கலாம். 1914 முதல் 1925 வரை கறுப்பு மட்டுமே.

டி மாடலில் எஞ்சின்தான் கார். பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறையோ இதற்கு நேர்மாறாகக் கணக்குப் போட்டது. பெரிதும் மாற்றியமைக்கப்பட்ட வாகனம் தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க அங்கே வெகுகாலம் ஒரு மதிப்பெண் முறை இருந்தது. சேஸிஸுக்கு 5. சஸ்பென்ஷன், அச்சு, கியர் தொகுதி, ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு 1. எட்டு மதிப்பெண் கிடைத்தால் அது பழைய கார், இல்லையென்றால் வேறு கார். நாகசேனர் அச்சா, சக்கரமா என்று கேட்டபோது மிலிந்தன் இப்படி ஒரு பட்டியலை நீட்டியிருந்தால் துறவி சிரித்திருப்பார். ஆனாலும் அரசு அலுவலகம் எங்காவது ஒரு கோடு கிழித்துத்தானே ஆக வேண்டும்.

இந்தியாவும் கோடு கிழித்திருக்கிறது. 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் விண்டேஜ் வாகனங்கள். அவற்றுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவு எண் வரிசை உண்டு. நிபந்தனை ஒன்று: வாகனம் மூல வடிவத்தில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேஸிஸ், உடல் கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது. விதி என்ற அளவில் இது நியாயமானது. ஆனால் மூல வடிவம் என்பது எந்த நாளின் வடிவம்?

சென்னைக் கார்களைப் பற்றிக் கேட்டால் இந்தக் கேள்வி இன்னும் சூடாகும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரோல்ஸ் ராய்ஸ் போன்ற நிறுவனங்கள் எஞ்சினோடு கூடிய சேஸிஸை மட்டுமே விற்றன. உடலை வாங்கியவரே தனக்குப் பிடித்த கோச் பட்டறையில் கட்டிக்கொள்ள வேண்டும். ஆஷ் மரச்சட்டம் கோத்து, அதன்மேல் தகடு போர்த்தி, மெத்தை தைத்துக் கொடுப்பார்கள். வசதி படைத்தவர்கள் ஒரே சேஸிஸுக்குக் கோடைக்குத் திறந்த உடலும் குளிருக்கு மூடிய உடலும் வைத்திருந்ததுண்டு. சென்னை மவுண்ட் ரோட்டில் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்சன் நிறுவனம் மோட்டார் யுகம் வந்ததும் கார்களுக்கும் பேருந்துகளுக்கும் உடல் கட்டியது. 1903இல் அதன் பொறியாளர் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றையே கட்டி ஓட்டினார். கப்பலில் வந்த சேஸிஸ்மேல் மதராஸ் தச்சர்கள் கட்டிய உடல் இருந்தால் அந்தக் கார் எந்த ஊர்க் கார்? பத்து வருடம் கழித்து அதன் உரிமையாளர் அந்த உடலைக் கழற்றிவிட்டு வேறொன்று கட்டியிருந்தால் மூல உடல் எது?

மூன்றாவது விடை வடிவம். பொருள் எதுவானால் என்ன, எண் எதுவானால் என்ன, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி இருந்தால் அது அந்தக் கார். 1935இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொடங்கிய பழங்காலக் கார் சங்கம் இந்த இலட்சியத்தின் மேல்தான் தன் போட்டிகளை அமைத்தது. ஒவ்வொரு காருக்கும் 400 மதிப்பெண். தொழிற்சாலை நிலையிலிருந்து விலகும் ஒவ்வொன்றுக்கும் கழிவு. இதனால் மறந்துபோன தொழில்நுட்பங்கள் பல மீண்டன. கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டவைத்து அதிலிருந்து வரும் வாயுவை எரித்து ஒளி தந்த பித்தளை முகப்பு விளக்குகளைச் சரிசெய்யக் கற்றார்கள். ஈயம், வெள்ளீயம் கலந்த உலோகத்தை உருக்கி பேரிங்கில் நேரடியாக ஊற்றும் பழைய வேலையைக் கற்றார்கள். இத்தகைய சங்கங்கள் இல்லையென்றால் இந்தக் கைத்திறன்கள் இன்று அருங்காட்சியகக் குறிப்புகளாக மட்டுமே இருக்கும். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் வடிவத்தை மட்டும் வணங்கினால் ஒரு பொய் உள்ளே நுழைகிறது. 1910ஆம் ஆண்டுக் காருக்கு வண்ணம் தூரிகையால் பல பூச்சுகளாக ஏறியது. ஒவ்வொன்றும் காய்ந்து, தேய்த்து, வார்னிஷ் அடித்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். டூபான்ட் நிறுவனத்தின் வேகமாகக் காயும் டூக்கோ வண்ணம் 1923இல்தான் வந்தது. இன்று கண்காட்சிக்கு வரும் அதே 1910 கார் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கிறது. எந்தத் தொழிற்சாலையும் அதை அப்படி அனுப்பியதில்லை. நடந்த காலத்தை நினைவூட்ட வேண்டிய பொருள், நடக்காத ஒரு காலத்தைக் காட்டுகிறது.

வடிவக் கட்சிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எத்தோர் புகாட்டி 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் கட்டிய ராயல் மாடல் கார்கள் மொத்தம் ஆறு. அதில் 41111 என்ற சேஸிஸ் எண் கொண்டதைத் துணி வணிகர் அர்மான் எஸ்டேர் திறந்த இருவர் காராகக் கட்டிக்கொண்டார். இரவில் ஓட்டப்போவதில்லை என்று முகப்பு விளக்கே வேண்டாம் என்றுவிட்டார். சில ஆண்டுகளில் அந்த உடல் போய்விட்டது. சேஸிஸ் பிந்தர் பட்டறை கட்டிய வேறு உடலோடு இன்றும் இருக்கிறது. பிரான்சின் முலூஸ் நகர அருங்காட்சியகத்திலோ, மூல உதிரிபாகங்களைப் பயன்படுத்தி, எஸ்டேர் காரின் வடிவத்தை அச்சு அசலாகத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் சேஸிஸ் இருக்கிறது, வடிவம் இல்லை. இன்னோரிடத்தில் வடிவம் இருக்கிறது, சேஸிஸ் இல்லை. ஹாப்ஸ் கற்பனையில் கட்டிய இரண்டாவது கப்பல் முலூஸில் சக்கரத்தின்மேல் நிற்கிறது. அருங்காட்சியகம் அதை மறுவுருவாக்கம் என்று வெளிப்படையாகச் சொல்வதால் யாரும் ஏமாறவில்லை. இந்த நேர்மையை மனத்தில் இருத்த வேண்டும். இந்தப் பொழுதுபோக்கின் அறம் முழுதும் இதில் அடங்கும்.

பொருள், எண், வடிவம் மூன்றும் தனித்தனியே தோற்றுவிட்ட நிலையில் நீதிபதி ஆட்டனிடம் திரும்பலாம். அவர் விற்றவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். இந்தக் காரை மூல நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது; ஆனால் இது உயிர்ப்பிக்கப்பட்ட காரும் அல்ல, நகலும் அல்ல; இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் என்றார். காரணம், 1929 முதல் அந்தக் காரின் வரலாறு எங்கும் அறுபடவில்லை. ஒரு பாகம் போனபோது இன்னொரு பாகம் வந்தது, ஆனால் கார் எப்போதும் ஒரு காராக இருந்துகொண்டே இருந்தது. கலைக்கப்பட்டு இல்லாமல் போன நாள் ஒன்று அதன் வாழ்வில் இல்லை. நானே அந்தக் கார் என்று உரிமை கொண்டாட வேறு காரும் இல்லை.

மிலிந்தனும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்தான். அச்சும் சக்கரமும் கூண்டும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும்போது தேர் என்ற வழக்கு எழுகிறது என்றான். சரியாகச் சொன்னீர்கள் என்று பாராட்டிய நாகசேனர், மனிதனும் அப்படித்தான் என்று முடித்தார். தேருக்குள் ஒளிந்திருக்கும் நிலையான சாரம் எதுவும் இல்லை. ஆனால் அதனால் தேர் பொய்யும் இல்லை. அரசன் அதில் ஏறித்தான் வந்திருந்தான்.

சமண மரபு இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரப்படி, இருப்பு என்றாலே தோன்றல், அழிதல், நிலைத்தல் மூன்றும் ஒன்றாக இருப்பது. காஞ்சியோடு தொடர்புடையவராக மரபு சொல்லும் சமந்தபத்திரர் தம் ஆப்தமீமாம்சையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தந்தார். பொற்குடத்தை உருக்கி முடி செய்தால், குடத்தை விரும்பியவன் வருந்துகிறான். முடியை விரும்பியவன் மகிழ்கிறான். பொன்னை மட்டும் நாடியவன் இரண்டும் இல்லாமல் இருக்கிறான். மூவர் உணர்ச்சிக்கும் காரணம் இருக்கிறது. பழைய கார் ஒன்று பட்டறைக்குள் போய் மின்னிக்கொண்டு வெளியே வரும்போதும் இந்த மூவரையும் பார்க்கலாம். வெளிறிய வண்ணத்தையும் கிழிந்த தோல் இருக்கையையும் நேசித்தவர் துக்கப்படுகிறார். புதுப்பொலிவுக்குக் காத்திருந்தவர் பூரிக்கிறார். சந்தை விலையை மட்டும் பார்ப்பவர் கணக்குப் போடுகிறார்.

இவர்களில் முதலாமவரின் துக்கத்தை நெடுநாள் யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது காற்று திரும்பியிருக்கிறது. அதற்கு நல்ல சான்று ஓர் ஏரியிலிருந்து எழுந்து வந்தது. 1925ஆம் ஆண்டு புகாட்டி பிரெஸ்சியா ஒன்று சுவிட்சர்லாந்தின் மஜோரே ஏரியில் 1936இல் மூழ்கடிக்கப்பட்டது. சுங்க வரி கட்டப்படாததால் அதிகாரிகள் அப்படிச் செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது. 50 மீட்டருக்கும் ஆழத்தில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. வன்முறையில் உயிரிழந்த ஓர் இளைஞரின் நினைவாகத் தொடங்கிய அறக்கட்டளைக்கு நிதி திரட்ட, உள்ளூர் முக்குளிப்பு வீரர்கள் 2009இல் அதைத் தூக்கினார்கள். மண்ணில் புதைந்திருந்த பக்கம் ஓரளவு பிழைத்திருந்தது, மறுபக்கம் அரித்துப்போயிருந்தது. 2010 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் அது 2,60,500 யூரோவுக்குப் போனது. வாங்கிய மல்லின் அருங்காட்சியகம் அதை எடுத்து ஒழுங்குசெய்து மின்னவைக்கவில்லை. துருவோடு, ஏரி தின்ற நிலையிலேயே காட்சிக்கு வைத்தது. அதைப் புதுப்பித்திருந்தால் உலகத்துக்கு இன்னொரு பளபளக்கும் பிரெஸ்சியா கிடைத்திருக்கும். ஏரிக்குள் கிடந்த கார் இல்லாமல் போயிருக்கும்.

எல்லாக் காரையும் துருவோடு விட்டுவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். கார் ஓடப் பிறந்தது. நிறுத்தியே வைத்தால் பெட்ரோல் பிசினாகும், ரப்பர் வெடிக்கும், வால்வுகள் ஒட்டிக்கொள்ளும். ஓட்டினால் தேயும். பிரிட்டனில் வேகவரம்பு மணிக்கு 14 மைலாக உயர்ந்ததைக் கொண்டாட 1896 நவம்பர் 14 அன்று லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஓடிய கார்களின் நினைவாக, ஒவ்வொரு நவம்பரிலும் அதே வழியில் 1905க்கு முந்தைய கார்கள் ஓடுகின்றன. கரடுமுரடான எஞ்சின்கள் இருமிக்கொண்டே சுமார் 60 மைல் கடக்கும்போது தெருவோரம் நிற்கும் குழந்தைக்குக் கிடைக்கும் அறிவு எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் கிடைக்காது. அந்த ஓட்டத்துக்காகப் போல்ட்டும் பட்டையும் டயரும் மாறத்தான் செய்யும். இந்த ஓட்டத்தில் கலந்துகொள்ள கார் 1905க்கு முந்தையதுதான் என்று நிறுவ வேண்டும்; 1930இல் தொடங்கிய வெட்டரன் கார் கிளப்பின் வல்லுநர்கள் காரின் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து வயது சொல்கிறார்கள். மாற்றம் குற்றமல்ல. மாற்றியதை மறைப்பதுதான் குற்றம்.

பன்னாட்டுப் பழங்கால வாகனக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனம் இந்த அறத்தையே விதிகளாக எழுதியிருக்கிறது. பழைய கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் அதற்கு முன்னோடி. புதுப்பிப்பதைவிடப் பாதுகாப்பதற்கே முதலிடம். புதிதாகச் செருகிய பாகத்தில் உறுத்தாத அடையாளம் இருக்க வேண்டும். செய்த வேலை ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

எழுத்தில் இருப்பது ஏன் முக்கியம் என்று அறிய ஒரு பழைய காரின் கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அடிப்பக்கம் மறைவான இடத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு, ஈரமான வாட்டர் பேப்பரால் மெல்ல வட்டமாகத் தேய்க்கிறார் ஓர் அனுபவசாலி. மேலே வெண்ணெய் நிறம். அதற்குள்ளே மெல்லிய வளையமாகக் கருஞ்சிவப்பு எட்டிப்பார்க்கிறது. அதன் கீழே செம்பழுப்புப் பிரைமர். இன்னும் தேய்த்தால் பச்சை, கடைசியில் தகடு. மூன்று உரிமையாளர்களின் ரசனை அங்கே அடுக்காக இருக்கிறது. பழைய புகைப்படத்தில் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்த கார் முதலில் பச்சை என்பதை அந்த ஒரு வட்டம் சொல்லிவிடும். கதவின் அடிப்படியில் உடல் கட்டிய பட்டறையின் சிறு தகடு இருக்கலாம். மேக்னெட்டோவில் பாஷ், கார்பரேட்டரில் ஜெனித் என்று பெயர்கள் இருக்கலாம். அவை பல நிறுவனக் கார்களுக்குப் பொது என்பதால் தனியாக எதையும் நிரூபிக்காது, மற்றவற்றோடு சேர்த்தால் சாட்சியாகும்.

இப்போது அதே கார் சாண்ட் பிளாஸ்டிங்குக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அரைநாளில் எல்லாத் துருவும் போய்விடும். கூடவே மூன்று வண்ணங்களும் போய்விடும். ஆழமில்லாமல் பொறித்திருந்த எண்ணின் விளிம்புகளும் மழுங்கிவிடும். தமிழ்நாட்டுக்கு இந்த இழப்பு புதிதல்ல. கோயில் திருப்பணி என்ற பெயரில் இதே மணல்வீச்சு தூண்களின் நுணுக்கத்தையும் கல்வெட்டு எழுத்துகளையும் தேய்த்ததை வரலாற்று ஆர்வலர்கள் வேதனையோடு சொல்லிவந்திருக்கிறார்கள். சுத்தமாக்குவதாக நினைத்துச் சாட்சியை அழித்த கதை அது.

இத்தனைக்கும் ஆகம மரபு திருப்பணியை எவ்வளவு கவனத்தோடு வகுத்திருக்கிறது! குடமுழுக்குக்கு முன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் ஆற்றலைக் கலசத்துக்கும் அங்கிருந்து தற்காலிகத் திருமேனிக்கும் மாற்றி, வழிபாடு விடாமல் நடத்திக்கொண்டே கோயிலைச் சீரமைப்பார்கள். வேலை முடிந்ததும் திரும்ப ஏற்றுவார்கள். கல் மாறலாம், சுதை மாறலாம், தொடர்ச்சி அறக் கூடாது என்பதே அதன் உட்பொருள். நீதிபதி ஆட்டன் சட்ட மொழியில் சொன்னதும் அதுதான். கார் புதுப்பிப்பவருக்குச் சடங்கு இல்லை. அவருக்கு அந்த வேலையைச் செய்பவை புகைப்படமும், கழற்றிய பாகத்தில் கட்டிய சீட்டும், குறிப்பேடும். அவை இல்லாமல் காரைப் பிரித்தால் அதன் வரலாறு அன்றோடு அறுந்துபோகும். திரும்பப் பூட்டியபின் வருவது, எவ்வளவு அழகாக இருந்தாலும், சாட்சியில்லாத கார்.

அப்படியானால் உரிமையாளர் யார்? மதராஸில் கார் வைத்திருந்த முதல் இந்தியர் என்று சொல்லப்படுபவர் கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். பிரான்சின் டி தியான் கார், பதிவு எண் எம்சி 3. அவர் எழுப்பிய செங்கல் கட்டடங்களை இன்றும் சென்னையில் பார்க்கலாம். அந்தக் காலத்துக் கார்களில் பிழைத்தவை ஒவ்வொன்றும் நான்கைந்து தலைமுறை உரிமையாளர்களைக் கடந்துதான் நம்மிடம் வந்திருக்கின்றன. இன்று ஆர்சி புத்தகத்தில் பெயர் இருப்பவர் அந்த வரிசையில் ஒருவர். அவருக்குப் பின்னும் ஆள் வருவார்கள். ‘என்னுடையது’ என்ற எண்ணத்தில் துன்பம் பிறப்பதாகப் பௌத்தமும் சமணமும் ஒருசேரச் சொல்வது இங்கே நேரடியாகப் பலிக்கிறது. தன் ரசனைக்காகப் பழைய இருக்கைத் தோலைக் கிழித்தெறிபவர் தனக்குப் பின் வருபவரின் உடைமையையும் சேர்த்தே கிழிக்கிறார். காரைக் காப்பவராகத் தன்னை நினைப்பவருக்கோ அதே தோலைத் தைத்துக் காப்பாற்றுவதில் ஒரு நிறைவு கிடைக்கிறது. அந்த நிறைவை எந்தக் கோப்பையும் தராது.

ஆகவே லண்டன் தீர்ப்பு சரியான தீர்ப்பே. பழைய கார் அதே காராக இருப்பது அதன் இரும்பாலோ எண்ணாலோ வடிவத்தாலோ மட்டும் அல்ல. அறுபடாத வரலாற்றாலும், அந்த வரலாற்றை ஒளிக்காமல் சொல்லும் மனிதர்களாலும். இது நடைமுறைக்கு வருவது மிக எளிய வேலைகளில்தான். உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ உறவினர் தோட்டத்திலோ ஒரு பழைய கார் தார்ப்பாய்க்குள் கிடந்தால், முதலில் பெயின்டரைக் கூப்பிடாதீர்கள். இருக்கும் நிலையிலேயே எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுங்கள். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுங்கள். வீட்டில் மூத்தவர்களிடம் அதை யார் வாங்கினார், யார் ஓட்டினார், எப்போது என்ன மாற்றினார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். பழைய ஆர்சி, வரி ரசீது, ஓட்டுநரின் கையெழுத்துக் குறிப்பு எதையும் எடைக்குப் போடாதீர்கள். பட்டறையில் கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும், அது உபயோகமற்றதாகவே தெரிந்தாலும், சீட்டுக் கட்டிப் பெட்டியில் வையுங்கள். ஒருநாள் காரைக் கைமாற்றும்போது அந்தப் பெட்டியையும் குறிப்பேட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.